தேய்ந்துபோன ரோமானியக் காசு: யாருடையது என்று கண்டுபிடிப்பது எப்படி? புளி போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும்?

வயலில் மண்வெட்டி போடும்போது பச்சை பிடித்த ஒரு செப்புக் காசு தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் கான்சாபுரம், கூமாபட்டி என எந்த ஊராக இருந்தாலும் வீட்டில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் "ராஜா காலத்துக் காசு" என்பார். இன்னொருவர் புளியை எடுத்துத் தேய்க்க ஆரம்பிப்பார். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால், "இது ரோமானியக் காசு, லட்சக்கணக்கில் போகும்" என்று ஒரு பதில் வரும்.

உண்மையிலேயே அது ரோமானியக் காசாக இருக்குமா? எழுத்து, முகம் எல்லாம் தேய்ந்த பிறகும் யார் வெளியிட்டது என்று சொல்ல முடியுமா? சொல்ல முடியும். உலகம் முழுக்க நாணயம் சேகரிப்பவர்கள் இதை ஒரு விளையாட்டாகவே ஆடுகிறார்கள். ஒருவர் தேய்ந்த காசின் படம், எடை, விட்டம் மூன்றையும் கொடுப்பார். மற்றவர்கள் எந்தப் பேரரசர், எந்த ஆண்டு என்று ஊகிக்க வேண்டும். குறுக்கெழுத்துப் போட்டி மாதிரிதான்.

ஆனால் காசை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் கிடைக்காத தகவல் ஒன்று இருக்கிறது. அது கடைசியில்.

ரோமானியக் காசு தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது?

மிளகு, முத்து, துணி, மணிகள். இவற்றை வாங்க வந்த யவனர்கள் தங்கமும் வெள்ளியும் கொண்டுவந்தார்கள். முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கப்பலை அகநானூற்றின் 149-ம் பாடல் காட்டுகிறது. இதே வணிகத்தை அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் ரோமானிய எழுத்தாளர் பிளினி. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஷியஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே புலம்பி எழுதினார்.

அதற்கான சாட்சி நம் மண்ணில் நிறையவே கிடைத்திருக்கிறது.

• 1842: கோவை அருகே வெள்ளலூரில் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள்.
• 1898: புதுக்கோட்டை பகுதியில் உள்ள கருக்காகுறிச்சியில் 501 தங்கக் காசுகள்.
• கரூர் அமராவதி ஆற்றுப் படுகை, மதுரை வைகைப் படுகை: கி.பி. 4, 5-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சின்னச் சின்ன செப்புக் காசுகள்.

தங்கமும் வெள்ளியும் பெரும்பாலும் முதல் இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. செப்புக் காசுகள் அதற்கு வெகு காலம் பிந்தியவை. தேய்ந்த காசு விளையாட்டில் அதிகம் மண்டையைக் குழப்புவது இந்தச் செப்புக் காசுகள்தான்.

முதல் சுற்று: இது ரோமானியக் காசே இல்லையோ?

தமிழ்நாட்டில் கிடைக்கும் பழைய செப்புக் காசுகளில் பெரும்பாலானவை ரோமானியக் காசுகள் அல்ல. அதனால் முதலில் செய்ய வேண்டியது கழித்துப் பார்ப்பது.

சதுரமாக இருக்கிறதா? யானையோ மீன் சின்னமோ தெரிகிறதா? அப்படியென்றால் சங்ககாலப் பாண்டியர் காசாக இருக்க வாய்ப்பு உண்டு. வில் அம்பு சேரர் சின்னம், புலி சோழர் சின்னம்.

வட்டமாக இருந்து, ஒரு பக்கம் நிற்கும் மனிதர், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் மனிதர், பக்கத்தில் நாகரி எழுத்து என்றால் அது ராஜராஜன் பெயர் பொறித்த சோழர் காசு வகை. தமிழ்நாட்டில் மிகப் பரவலாகக் கிடைப்பவற்றில் இதுவும் ஒன்று.

வி, ஓ, சி என்ற மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னியிருந்தால் டச்சுக் கம்பெனி காசு. 1 முதல் 9 வரை நாம் இன்று எழுதும் எண்கள் எங்காவது தெரிந்தால் ரோமானியக் காசாக இருக்கவே முடியாது. ரோமானியர்களிடம் அந்த எண்கள் இல்லை.

முகம் தெரிகிறதா? அது எந்தப் பக்கம் பார்க்கிறது? காலணா காசில் விக்டோரியா மகாராணி இடப்பக்கம் பார்ப்பார். ரோமானியக் காசுகளில் பேரரசர் பெரும்பாலும் வலப்பக்கம் பார்ப்பார். எல்லாக் காசுக்கும் இது பொருந்தாது, ஆனால் ஒரு நல்ல ஆரம்பம்.

இரண்டாவது சுற்று: தராசும் ஸ்கேலும்

முகம் தேயலாம், எழுத்து அழியலாம். அளவும் எடையும் அந்த அளவுக்கு மாறாது. ஒரு ஸ்கேலும், நகைக்கடையில் இருப்பது போன்ற சின்னத் தராசும் போதும்.

• தங்கம், 7 முதல் 8 கிராம்: முதல் நூற்றாண்டு ஆரியஸ் காசாக இருக்கலாம்.
• வெள்ளி, 18-19 மி.மீ., 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு: தினாரியஸ் காசாக இருக்கலாம். கி.பி. 64-ல் நீரோ மன்னர் இதன் எடையைக் குறைத்தார்.
• செம்பு, 17 மி.மீ.க்குக் கீழே: பிற்கால ரோமானியச் சில்லறைக் காசு. நாணயவியலில் இதை 'ஏஇ 4' என்பார்கள். 17 முதல் 21 மி.மீ. வரை 'ஏஇ 3'. எண் கூடக் கூட காசு சிறியது என்று அர்த்தம்.

தேய்மானத்தால் எடை கொஞ்சம் குறைந்திருக்கும். அதனால் எடையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

மூன்றாவது சுற்று: தலையில் என்ன இருக்கிறது?

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மொபைல் டார்ச்சைக் காசுக்கு நேர் மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாகச் சாய்த்துப் பிடியுங்கள். காசை மெதுவாகச் சுற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் மொட்டையாகத் தெரிந்த இடத்தில் திடீரென்று ஒரு மூக்கு, ஒரு கழுத்துக் கோடு தெரியும். இந்த நிழல்தான் விளையாட்டின் முக்கிய ஆயுதம்.

இப்போது தலையைப் பாருங்கள்.

இலைக் கிரீடம்: முதல் இரண்டு நூற்றாண்டுகளில் சாதாரணம்.
சூரியக் கதிர் போல முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் கிரீடம்: பெரும்பாலும் 3-ம் நூற்றாண்டு.
முத்து கோத்த பட்டி, பின்கழுத்தில் தொங்கும் இரண்டு நாடா நுனிகள்: கான்ஸ்டன்டைன் காலத்துக்குப் பிறகு, அதாவது 4-ம் நூற்றாண்டு முதல்.

தாடியும் ஒரு துப்பு. ஹேட்ரியன் மன்னருக்கு (கி.பி. 117-138) முந்தைய பேரரசர்கள் பெரும்பாலும் மழித்த முகத்தோடு இருப்பார்கள். தாடியை வழக்கமாக்கியவர் அவர். கான்ஸ்டன்டைனுக்குப் பிறகு மறுபடியும் மழித்த முகம். இடையில் ஜூலியன் (361-363) தாடியோடு வருவார்.

நான்காவது சுற்று: மிச்சம் இருக்கும் எழுத்து

முழுப் பெயரும் தெரிய வேண்டும் என்று அவசியம் இல்லை. ஓரத்தில் இரண்டு எழுத்து மிஞ்சினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பெயருக்கு முன்னால் 'டி. என்.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், 'நம் தலைவர்' என்று பொருள். 4, 5-ம் நூற்றாண்டுக் காசுகளில் இது வழக்கம். கடைசியில் 'ஏ.வி.ஜி.' என்று இருந்தால் அகஸ்டஸ், அதாவது பேரரசர் என்ற பட்டத்தின் சுருக்கம். அன்றைய எழுத்தில் 'யூ' கிடையாது, அந்த இடத்திலும் 'வி' தான் வரும். இதைத் தெரியாமல் படிப்பவர்கள் இங்கேதான் குழம்புவார்கள்.

பெயரின் நீளமும் உதவும். இலத்தீனில் தியோடோசியஸ் என்று எழுத 10 எழுத்து. ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ் இரண்டுக்கும் தலா 8. வாலண்டினியனுக்கு 13. இந்தப் பெயர்கள் காசின் ஓரத்தைச் சுற்றித்தான் வரும். கடிகார முள் போலக் கணக்குப் போட்டால், மிஞ்சிய எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துப் பெயர் நீளமானதா குட்டையானதா என்று ஊகிக்கலாம்.

ஐந்தாவது சுற்று: காசைத் திருப்புங்கள்

அனுபவம் உள்ளவர்கள் முகத்தைவிடப் பின்பக்கத்தையே அதிகம் நம்புவார்கள். ஏனென்றால் பின்பக்கப் படங்கள் குறிப்பிட்ட சில ஆண்டுகளில் மட்டும் அச்சடிக்கப்பட்டவை. எழுத்து முழுவதும் போனாலும் படத்தின் வெளிக்கோடு தப்பிவிடும்.

• இரண்டு பேர் நிற்கிறார்கள், நடுவில் இரண்டு கேடயங்கள் (வெள்ளிக் காசு): அகஸ்டஸ் மன்னர் தன் வாரிசுகளான கையஸ், லூசியஸ் இருவருக்காக வெளியிட்டது.
• ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் (வெள்ளிக் காசு): டைபீரியஸ் (கி.பி. 14-37).
• இரண்டு வீரர்கள், நடுவில் இரண்டு கொடிக்கம்பங்கள் (செம்பு): கி.பி. 330-335. கம்பம் ஒன்றாகிவிட்டால் அதற்கு அடுத்த சில ஆண்டுகள்.
• குதிரையில் இருந்து விழுபவனை வீரன் ஈட்டியால் குத்துகிறான் (செம்பு): 4-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி.
• இறக்கை உள்ள வெற்றித் தேவதை ஒரு கைதியை இழுத்துச் செல்கிறாள் (செம்பு): கி.பி. 388 முதல்.

இந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பகுதி மேலே சொன்ன முதல் இரண்டு வகைதான். அதனால் இங்கே தேய்ந்த வெள்ளிக் காசு கிடைத்தால் அகஸ்டஸா டைபீரியஸா என்று முதலில் பார்ப்பது புத்திசாலித்தனம். ஆனால் இதே வகைகளைப் பார்த்து உள்ளூரிலேயே அச்சடித்த போலச் செய்த காசுகளும் உண்டு. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள் தெரிந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

ஒரு மாதிரி ஆட்டம்

சரி, ஆடிப் பார்ப்போம். கையில் ஒரு செப்புக் காசு. 13 மி.மீ., ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூட. முகம் வலப்பக்கம். கண் இல்லை, மூக்கு பாதி. ஆனால் பின்கழுத்தில் இரண்டு சின்ன நாடா நுனிகள். ஓரத்தில் 'ஏ.வி.ஜி.' மட்டும் மிச்சம். பின்பக்கம் இறக்கை உள்ள ஓர் உருவம் இடப்பக்கம் நடக்கிறது, அதன் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு மேடு.

விட்டம் 17-க்குக் கீழே, ஆக 'ஏஇ 4'. நாடா நுனி 4-ம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிறகு என்கிறது. தரையில் இருக்கும் மேடு கைதி. ஆக, கி.பி. 388-க்குப் பிந்தைய வகை. அந்த வகையை வெளியிட்டவர்களில் முக்கியமானவர்கள் நான்கு பேர்: இரண்டாம் வாலண்டினியன், தியோடோசியஸ், ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ்.

நால்வரில் யார்? பெயர் தேய்ந்திருப்பதால் சொல்ல முடியாது. இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வதுதான் நேர்மையான ஆட்டம். "நால்வரில் ஒருவர், 4-ம் நூற்றாண்டின் கடைசி அல்லது 5-ம் நூற்றாண்டின் தொடக்கம்" என்பதே நல்ல விடை. அடித்துவிட்டு "தியோடோசியஸ்" என்று எழுதி வைத்தால், அடுத்து பார்ப்பவர் அதையே உண்மை என்று எடுத்துக்கொள்வார்.

விடையைச் சரிபார்க்க அமெரிக்க நாணயவியல் சங்கம் நடத்தும் ரோமப் பேரரசு நாணயங்களின் தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மொபைலில் படத்தை வைத்துத் தேடினால் போதாதா என்று கேட்கலாம். அது பார்ப்பதற்கு ஒத்துப்போகும் படத்தைத்தான் காட்டும். உங்கள் காசின் எடையும் விட்டமும் அதற்குத் தெரியாது.

தேய்மானமா, வெட்டுக் காயமா?

எல்லாச் சேதமும் தேய்மானம் இல்லை. கருக்காகுறிச்சியில் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டியது போல ஒரு கோடு இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜி.எஃப். ஹில் இந்தப் புதையலை அப்போதே ஆராய்ந்து எழுதினார். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான காசுகள் அதில் இருந்தன.

ஏன் வெட்டினார்கள்? மீண்டும் காசாகப் புழங்கக்கூடாது, தங்கமாக மட்டுமே எடை போட வேண்டும் என்பதற்காக என்பது ஒரு கருத்து. எதுவானாலும் வெட்டு வெட்டுதான். அதைக் குறை என்று நினைத்து அடைக்கவோ தேய்க்கவோ போனால் ஒரு சரித்திரத் தடயமே போய்விடும்.

காசு சொல்லாத ஒரே தகவல்

இப்போது தொடக்கத்தில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். எடை, முகம், எழுத்து, படம் எல்லாவற்றையும் காசிடமே கேட்டு வாங்கலாம். 'நான் எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தேன்' என்பதை மட்டும் காசு சொல்லாது. அதை எடுத்தவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு உதாரணங்கள் பார்க்கலாம்.

முதலாவது, பெருவழுதி காசு. நாணயவியல் அறிஞரும் தினமலர் ஆசிரியராக இருந்தவருமான இரா. கிருஷ்ணமூர்த்தி, 1980-களில் ஒரு சின்னச் செப்புக் காசில் குதிரை உருவத்தோடு தமிழ்-பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயர் இருப்பதைப் படித்தார். சங்ககாலப் பாண்டியர்கள் சொந்தமாகக் காசு வெளியிட்டார்கள் என்பதற்கு அது நேரடி ஆதாரம் ஆனது. கரூர், மதுரையில் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளையும் அவர் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். ஒரு காசைப் பொறுமையாகப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் இப்படிப்பட்ட காசுகளில் பல, வியாபாரிகள் கை மாறி வந்தவை. ஊர் பெயர் தெரியும். எந்த மண் அடுக்கு என்பது தெரியாது.

இரண்டாவது, ராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளம். வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 முதல் பல கட்டங்களாகத் தோண்டிய இடம். அங்கே இரண்டாம் வாலண்டினியன், தியோடோசியஸ், ஆர்க்காடியஸ் காசுகள் கிடைத்தன. நம் மாதிரி ஆட்டத்தில் வந்த அதே பேர்கள்! ஒரு காசு எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால், அதனோடு கிடந்த பானை ஓடு, மணி, சங்கு வளையல் எல்லாவற்றுக்கும் அந்தக் காசே ஒரு தேதி கொடுக்கும். அந்த அடுக்கு கி.பி. 388-க்கு முந்தையதாக இருக்க முடியாது என்று சொல்ல, 13 மி.மீ. காசு ஒன்று போதும்.

சந்தையில் விலை போகாத மொட்டைக் காசுகூட, கிடைத்த இடத்தோடு சேர்ந்தால் ஒரு ஊரின் வயதைச் சொல்லும். விருதுநகர் மாவட்டத்திலேயே வெம்பக்கோட்டையில் 2022 மார்ச் முதல் அகழாய்வு நடந்திருக்கிறது. அந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இது தூரத்து ஊர்க் கதை இல்லை.

புளி போட்டுத் தேய்த்தால் என்ன?

செப்புக் காசின் மேல் இருக்கும் பச்சைப் படலத்தை அழுக்கு என்று நினைக்கிறோம். பல நேரம் எழுத்தும் முகமும் அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். உள்ளே இருக்கும் செம்பு ஏற்கெனவே அரித்துப்போயிருக்கும். புளி, எலுமிச்சை, வினிகர், பாத்திரம் துலக்கும் பவுடர் எல்லாமே அந்தப் படலத்தைக் கரைக்கும் அல்லது சுரண்டிவிடும். அஞ்சு நிமிஷத்தில் காசு பளபளவென்று ஆகும். அதோடு பேரரசரும் போய்விடுவார்.

அப்படியானால் என்ன செய்யணும்?

• தேய்க்க வேண்டாம், சுரண்ட வேண்டாம். ஈரம் இல்லாத காகித உறையில் போட்டு வையுங்கள்.
• கிடைத்த இடத்தை அப்போதே போட்டோ எடுங்கள். சர்வே எண், ஆழம், பக்கத்தில் பானை ஓடு இருந்ததா என்று உறையின் மேல் எழுதுங்கள்.
• மேற்கொண்டு நீங்களே தோண்ட வேண்டாம்.
• கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் மூலம் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் கொடுங்கள். தொல்லியல் துறையிடமும் சொல்லலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். முறைப்படி ஒப்படைத்தால் கண்டெடுத்தவருக்கும் நிலத்தின் உரிமையாளருக்கும் அதில் பங்கு பெற சட்டத்திலேயே வழி இருக்கிறது. அரசு எடுத்துக்கொள்வதாக இருந்தால் பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

1972-ம் ஆண்டின் தொல்பொருட்கள் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயமும் தொல்பொருள்தான். உரிமம் இல்லாமல் தொல்பொருள் வியாபாரம் செய்யக்கூடாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. "லட்சக்கணக்கில் போகும்" என்று வாட்ஸ்அப்பில் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மண் தொடாமலேயே விளையாட்டை ஆடிப் பார்க்க ஆசையா? சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கு ஒரு நாள் போய் வரலாம். பெயர்ப் பலகையைப் படிப்பதற்கு முன் கிரீடம், தாடி, பின்பக்கப் படம் மூன்றையும் பார்த்து ஊகித்துவிட்டு, அப்புறம் விடையைப் பாருங்கள். பத்துக் காசு தாண்டுவதற்குள் கண் பழகிவிடும்.